கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கும் முடிவு

அம்பாங், பாண்டான் இண்டாவில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு தம்பதி. கல்யாணமாகி ஆறு வருடம். அவர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், அவர் மனைவிக்குக் கணக்கு வேலை. "என்னம்மா, விசேஷம் உண்டா?" என்று யாராவது கேட்காத தீபாவளி இல்லை. பிள்ளை பிறந்தால் பத்துமலையில் கரும்புத் தொட்டில் எடுப்பதாக நேர்ந்துகொண்டார்கள். ஒரு தனியார் கிளினிக்குக்கும் போனார்கள். அங்கே இரண்டு வருடம் மாத்திரையும் ஊசியும் ஸ்கேனும் மனைவிக்கே. கணவரின் விந்தைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேறொரு மருத்துவர் கேட்டு எடுத்தபோதுதான் உயிரணுக்கள் மிகக் குறைவு என்று தெரிந்தது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு 36 வயது.

இந்த இரண்டு வருடத்தை அவர்களுக்கு யார் திருப்பித் தருவது?

உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் குழந்தைப்பேறு தடைபடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துச் சோதனைக்கு வலியில்லை, செலவும் சொற்பம். ஆனாலும் நம் குடும்பங்களில் பெண்தான் முதலில் மருத்துவமனை ஏறுகிறாள். மருத்துவரும் அதை ஏற்றுக்கொண்டால் காலம் வீணாகிறது. காலம்தான் இங்கே எல்லாம். ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதும் காரணத்தைப் பொறுத்ததுதான். சினைப்பை நீர்க்கட்டியால் முட்டை வெளிவராத பெண்களில் பலருக்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரையே போதும். கருக்குழாய் திறந்திருந்து, விந்தணுக் குறையும் லேசானதென்றால் விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ முயலலாம். இரண்டு குழாயும் அடைபட்டவருக்கு ஐயுஐ செய்தால் பணம்தான் கரையும், அவருக்கு வழி, முட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் ஐவிஎஃப். விந்தணு மிகக் குறைவென்றால் ஒற்றை அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி. இதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தால் போதும். எங்கள் பக்கத்து வீட்டாருக்கு அப்படி ஒரு தாள் கிடைக்கவில்லை.

அவர்கள் இப்போது ஐவிஎஃப் கிளினிக் தேடுகிறார்கள். விளம்பரங்களில் பெரிய பெரிய வெற்றி விழுக்காடுகள். வெற்றி என்றால் எது? சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு தெரிவதா, கையில் குழந்தை வருவதா? 28 வயதுக்காரர்களின் கணக்கா, 40 வயதுக்காரர்களின் கணக்கா? ஊசி தொடங்கிய எல்லாரையும் எண்ணியதா, கரு வைக்கும் கட்டம் வரை வந்தவர்களை மட்டுமா? பிரிட்டனில் 1991 முதல் இதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. கிளினிக் வாரியாகப் பிறப்புக் கணக்கை வெளியிடுகிறது. கூடுதல் கட்டணத்தில் விற்கப்படும் துணைச் சிகிச்சைகளுக்கு ஆதாரம் உண்டா இல்லையா என்றும் தரம் பிரித்துச் சொல்கிறது. இந்தியா 2021-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. மலேசியாவிலோ மருத்துவ மன்றத்தின் 2006 வழிகாட்டியைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பணத்துக்கு வருவோம். தனியாரிடம் ஒரு சுற்று ஐவிஎஃப் 15,000 ரிங்கிட்டிலிருந்து 25,000 வரை போவது சாதாரணம். குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இதற்குப் பணம் எடுக்கலாம் என்றார்கள். நல்லதுதான், ஆனால் அது எடுப்பவர்களுடைய முதுமைக்கான சொந்தக் காசு. 10,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கும் உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு அதில் ஒரு காசு லாபமில்லை. மருத்துவக் காப்புறுதியும் பெரும்பாலும் இதைச் சேர்ப்பதில்லை. சிங்கப்பூரில் பொது மருத்துவமனையில் செய்துகொள்ளும் குடிமக்களுக்கு அரசே 75 விழுக்காடு வரை பகிர்ந்துகொள்கிறது.

1970-இல் ஒரு பெண்ணுக்கு 4.9 குழந்தை என்றிருந்த மலேசியா 2022-இல் 1.6-க்கு இறங்கிவிட்டது. பிறப்பு குறைகிறதே என்று கவலைப்படும் அரசாங்கம், பிள்ளை வேண்டும் என்று வரிசையில் நிற்பவர்களை முதலில் பார்க்க வேண்டாமா?

சுகாதார அமைச்சிடம் கேட்பது இதுதான். ஒரு ரிங்கிட் கட்டணத்தில் நடக்கும் சுகாதார கிளினிக்குகளில், குழந்தைக்காக வரும் தம்பதி இருவரையும் முதல் நாளே பதிவு செய்து, கணவருக்கு விந்துச் சோதனைக்குக் கடிதம் தர வேண்டும். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் குழந்தைப்பேறு சேவை ஜாலான் ராஜா லாவுட்டில் இருப்பதே அம்பாங்கில் பலருக்குத் தெரியாது, அந்த முகவரியைத் தமிழிலும் எழுதி கிளினிக் சுவரில் ஒட்டட்டும். ஒவ்வொரு தனியார் நிலையமும் வயது வாரியாக உயிரோடு பிறந்த குழந்தைகளின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடச் சட்டம் வேண்டும். மருந்து, மயக்கம், கரு உறைவிப்பு, ஆண்டுச் சேமிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவை முதல் ஊசிக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும்.

சட்டம் வரும்வரை, கிளினிக் படி ஏறுகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: "என் வயதுக்காரர்கள் போன வருடம் எத்தனை பேர் இங்கே தொடங்கினார்கள், எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?" பக்கத்து வீட்டுப் பெண் அடுத்த வாரம் இந்தக் கேள்வியோடு போகிறார். தனியாக இல்லை, கணவரும் விடுப்பு எடுத்திருக்கிறார்.