எண்ணெய் புண்ணுக்கு அல்ல, சோற்றுக்கு

மஹய்யாவயில் வாழும் நம் உறவுகளுக்கு,

கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறோம். அந்தக் கோபம் முதலில் எங்கள் மீதே.

போன வருடம் எங்கள் வாப்பாவின் காலில் செருப்பு வெட்டி ஒரு சின்னப் புண் வந்தது. அவருக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். ஊரே செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். முட்டையை நிறுத்தினோம். மீனை நிறுத்தினோம். தேங்காய்ப்பால் ஊற்றிய கறியை நிறுத்தினோம். "சூடு, கிரந்தி, சீழ் வைக்கும்" என்றார்கள். சோறும் பருப்புத் தண்ணியும் மட்டும் கொடுத்தோம். புண்ணுக்கு மட்டும் குறை வைக்கவில்லை. ஒரு நாள் தேங்காய் எண்ணெய், ஒரு நாள் கருஞ்சீரக எண்ணெய், ஒரு நாள் ஒலிவ் எண்ணெய்.

மூன்றாவது கிழமை விரல் கறுத்தது. கிளினிக்கில் மருந்து கட்டிய மிஸ் முதலில் கேட்டது, "இவர் என்ன சாப்பிடுறார்?" என்றுதான். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகளுக்குப் போசணை பற்றிப் பாடம் எடுக்கும் வீடு இது! ஒரு விரல் போனது. கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

இதில் எங்கே பிழை?

புண் ஆறுவதென்றால் உடம்பு புதிய தோலைக் கட்டுகிறது என்று அர்த்தம். கட்டடத்துக்குக் கல்லும் சீமெந்தும் வேண்டும். தோலின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றியிருக்கும் மென்சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அதில் லினோலெயிக் அமிலம் போன்ற சிலதை நம் உடம்பால் செய்யவே முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. பிற்காலத்தில், கொழுப்பில்லாத திரவத்தை மட்டும் நரம்பு வழியாக உணவாகப் பெற்ற நோயாளிகளுக்கும் இதே கதிதான். தோல் உரிந்தது, காயம் ஆறப் பிந்தியது.

நம் வீட்டுப் பத்தியம் அந்த அளவுக்குப் போவதில்லை, உண்மைதான். ஆனால் முட்டையையும் மீனையும் வெட்டும்போது கொழுப்போடு புரதமும் போகிறது, சின்க்கும் போகிறது. விற்றமின் ஏ கொழுப்பில் கரைவது. எண்ணெய் இல்லாமல் அவித்த கரட்டில் இருந்து அது சரியாக உடம்பில் சேராது.

"எங்கள் உம்மம்மா காலத்தில் பத்தியத்தில்தானே ஆறியது?" என்று கேட்பீர்கள். சுன்னத்து வைத்த பிள்ளையின் காயம் பத்தியம் இருந்தாலும் ஆறும், இல்லாவிட்டாலும் ஆறும். அந்த வயதுக்கு அந்தப் பலம் உண்டு. அறுபது வயதுச் சீனிக்காரரின் காலுக்கு அந்தப் பலம் இல்லை. சிசேரியன் செய்து பால் கொடுக்கும் தாய்க்கோ இரண்டு பேருக்கான தேவை.

சரி, என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெயில் லினோலெயிக் அமிலம் நூற்றுக்கு இரண்டு பங்களவில்தான். நல்லெண்ணெயில் நாற்பது பங்களவில். கச்சானிலும் நிறைய இருக்கிறது. தேங்காயைக் கைவிடச் சொல்லவில்லை. அதோடு ஒரு கரண்டி நல்லெண்ணெய், ஒரு கைப்பிடி கச்சான், ஒரு முட்டை, சூடை மீன். அவ்வளவுதான். மீன் எண்ணெய்க் குளிகைக்குக் காசைக் கொட்டாதீர்கள். அது புண்ணைச் சீக்கிரம் ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. திரும்பத் திரும்பப் பொரித்த கறுப்பு எண்ணெயில் செய்த ரோல்ஸும் வடையும் இந்தக் கணக்கில் சேராது.

கருஞ்சீரகத்திலும் ஒலிவிலும் எங்களுக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் திறந்த புண்ணில் வீட்டுப் போத்தல் எண்ணெயை ஊற்றாதீர்கள். அது கிருமி நீக்கியது அல்ல. 2021 மார்ச்சில் அஃப்லடொக்சின் கலந்த தேங்காய் எண்ணெய் இறக்குமதியானது தெரிந்தபோது நாடே பயந்ததே, புண்ணில் ஊற்றும் போத்தலைப் பற்றி மட்டும் ஏன் ஒருவரும் கேட்பதில்லை? மருத்துவம் செய்யுங்கள் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கிளினிக்குக்குப் போவதும் ஈமானில் குறை அல்ல.

ஒன்றை மறக்க வேண்டாம். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், காலுக்கு இரத்தம் ஓடாவிட்டால், எந்தச் சாப்பாடும் தனியாகக் காப்பாற்றாது. சீனிக்காரரின் காலுக்கு வலி தெரியாமல் போகலாம். அதனால் வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள். புண்ணைக் கண்ட அன்றே காட்டுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுச் சாப்பாட்டை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது சோடாப் போத்தலும் கிரீம் பிஸ்கட்டும் கொண்டு போகிறோம். சீனிக்காரருக்குச் சீனி! இனிப் பத்து முட்டை கொண்டு போவோம். அந்த வீட்டு ராத்தா "சூடு" என்று ஒதுக்கினால், எங்கள் வாப்பாவின் விரலைச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகள் எல்லோருக்கும் ஷிஃபாவைத் தருவானாக.