சங்கில் அளக்கும் கணக்கு

பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் சிறுவனுக்கு அரை, கைக்குழந்தைக்குக் கால் என்று ஒரு கணக்கு நமது வீடுகளில் வழங்கி வருகிறது. திரைராசிகப்படி இதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் சிசுவின் சரீரம் திரைராசிகத்துக்குக் கட்டுப்படுவதில்லையே!

வைத்திய சாஸ்திரமே பல சிசுக்களைப் பலிகொடுத்த பின்னர்தான் இதை நன்கு உணர்ந்தது. 1947-ஆம் வருஷத்தில் குளோராம்பெனிகால் என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டு, டைபாய்டு ஜுரத்துக்குக் கைகண்ட ஔஷதம் என்று பெயர் பெற்றது. பிறகு, குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கும் நோய் தொற்றாதிருக்கும் பொருட்டு அதைக் கொடுக்கலானார்கள். சில தினங்களில் சிசுவின் வயிறு உப்பும், பாலைக் கக்கும், உடல் துவண்டு, மேனி சாம்பல் நிறம் அடையும், பிறகு உயிரும் பிரியும். 1959-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வைத்தியர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து பெறாத சிசுக்களைவிடப் பெற்ற சிசுக்களே அதிகமாக மாண்டது வெளியாயிற்று.

காரணம் என்ன? இம்மருந்தை மாற்றி வெளியேற்ற வேண்டியது ஈரலின் பொறுப்பு. பிறந்த சிசுவின் ஈரல் அவ்வேலையை இன்னும் கற்றுக் கொள்ளவில்லை. பெரியவர்கள் உடலில் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும் மருந்து, சிசுவின் உடலில் ஒரு நாள் சென்றும் பாதியாகக் குறைவதில்லை. அடுத்த வேளை மருந்தும் அதன்மேல் சேர்ந்தால் விஷமாகாமல் என்ன செய்யும்?

மூத்திரப்பையின் மூலஸ்தானமாகிய சிறுநீரகங்களின் நிலையும் இதுவே. அவை முழுத் திறமை அடைய ஒன்றிரண்டு வருஷமாகும். சிசுவின் எடையில் முக்கால் பங்கு ஜலம். அதை வேண்டியபோது சேமிக்கவும் தெரியாது, மிகுந்தபோது விரைவில் கழிக்கவும் தெரியாது.

இனி நாம் சொல்லப் போவது பாட்டிமாருக்குக் கோபம் உண்டாக்கலாம். கோடையில் குழந்தைக்குத் தாகமெடுக்குமே என்று சங்கில் வெந்நீர் புகட்டுகிறோம் அல்லவா? அந்த அன்புதான் ஆபத்து. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு ஜலமே. ஆறு மாதம் நிறையும் வரையில் அதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டாம். மிகுதியாகப் புகட்டிய தண்ணீர் இரத்தத்திலுள்ள உப்பை நீர்க்கச் செய்து, மூளையை வீங்கவைத்து, இழுப்பு வரச் செய்யும். பால்மாவு கரைக்கும் வீடுகளில் நேர்வது இதற்கு மாறு: குழந்தை கொழுக்கட்டும் என்று ஒரு கரண்டி அதிகம் போட்டால் இரத்தத்தில் உப்பு மிகும்.

பேதி கண்ட சிசுவோ ஒரே பகலில் வற்றிவிடும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொட்டலத்தைச் சொன்ன அளவு நீரில் கரைத்து, வைத்தியர் யோசனைப்படி கொடுக்க வேண்டும். உச்சிக்குழி உள்வாங்கி, ஆறு மணி நேரமாகத் துணியும் நனையவில்லையென்றால், கைமருந்து தேடிக் கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.