அனுப்பியது 9,000... திரும்பாதது 5,000: பந்தயப் புறாக்கள் எங்கே தொலைகின்றன?

2021 ஜூன் 19. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் இருந்து சுமார் 9,000 பந்தயப் புறாக்கள் திறந்துவிடப்பட்டன. நாட்டின் வடகிழக்கில் உள்ள தங்கள் கூடுகளுக்கு அவை மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் சுமார் 5,000 புறாக்கள் வரவே இல்லை. வானிலையும் அன்று மோசமாக இல்லை. சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தைக் குழப்பியிருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. உறுதியான காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை.

"புறா தொலைஞ்சா என்ன, அது பறவைதானே?" என்று கேட்கலாம். ஆனால் சென்னை மாடிகளில் மாலை நேரத்தில் வானத்தைப் பார்த்து நிற்பவர்களிடம் கேட்டால், அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். இந்தப் பொழுதுபோக்கு எப்படி நடக்கிறது, இதில் எவ்வளவு பணம் புழங்குகிறது, புறாக்கள் ஏன் தொலைகின்றன? பார்ப்போம்.

எந்தப் புறா பந்தயப் புறா?

தமிழ்நாட்டில் புறா பந்தயம் என்றாலே பலருக்கு 2015-ல் தனுஷ் நடித்து வெளிவந்த 'மாரி' படம்தான் ஞாபகம் வரும். ஆனால் எல்லாப் புறாவும் ஒரே பந்தயத்துக்கு இல்லை. கர்ணப் புறா வானத்தில் குட்டிக்கரணம் அடிப்பதற்கு. சாதாப் புறா கீழே இறங்காமல் எத்தனை மணி நேரம் பறக்கிறது என்று பார்ப்பதற்கு. இவை இரண்டும் நம்ம வீட்டு மாடிக்கு மேலேயே பறப்பவை.

ஹோமர் அப்படி இல்லை. அதைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவார்கள். அது வழி கண்டுபிடித்துத் தன் கூட்டுக்கே திரும்ப வேண்டும். சென்னை ஹோமர்கள் நாக்பூர் போன்ற ஊர்களில் இருந்துகூடப் பறந்து வருகின்றன. நேர்க்கோட்டில் அளந்தாலே அது சுமார் 900 கிலோமீட்டர்.

ஜெயிச்சது யாருன்னு எப்படிக் கணக்குப் போடுறாங்க?

எல்லாப் புறாவும் ஒரே இடத்தில் இருந்து கிளம்பும். ஆனால் போய்ச் சேரும் இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ராயபுரத்தில் ஒரு கூடு, தாம்பரத்தில் ஒரு கூடு. அதனால் முதலில் வந்ததுதான் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்ப்பார்கள்.

ஓர் உதாரணம். 490 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கூட்டுக்கு ஒரு புறா 475 நிமிடத்தில் வருகிறது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 1,032 மீட்டர். 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கூட்டுக்கு இன்னொன்று 480 நிமிடத்தில் வருகிறது. அதன் வேகம் சுமார் 1,042 மீட்டர். ஐந்து நிமிடம் தாமதமாக வந்த இரண்டாவது புறாதான் வெற்றி பெறும்.

முன்பெல்லாம் புறாவின் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, பூட்டிய கடிகாரத்துக்குள் போட்டு நேரத்தைப் பதிவு செய்வார்கள். இப்போது வளையத்திலேயே சிப் வந்துவிட்டது. கூட்டின் வாசலில் உள்ள கருவியைக் கடந்தால் நேரம் தானாகப் பதிவாகும். ஆனால் ஒன்று, புறா வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்தால் கணக்கு கிடையாது. உள்ளே நுழைய வேண்டும். 500 கிலோமீட்டர் பறந்து வந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் பத்து நிமிடம் உட்கார்ந்து தோற்ற புறாக்கள் ஏராளம்!

14 கோடி ரூபாய் புறா

2020 நவம்பரில் பெல்ஜியத்தில் நடந்த ஏலத்தில் 'நியூ கிம்' என்ற இரண்டு வயதுப் பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் சுமார் 14 கோடி ரூபாய். வாங்கியது சீனாவைச் சேர்ந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு 'அர்மாண்டோ' என்ற ஆண் புறா 12.5 லட்சம் யூரோவுக்குப் போயிருந்தது.

சரி, இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய புறாவைப் பந்தயத்தில் விடுவார்களா? விடவே மாட்டார்கள். விட்டால் அது பழைய கூட்டைத் தேடிக் கிளம்பிவிடும். வளர்ந்த ஹோமரை விலைக்கு வாங்கலாம், ஆனால் அதன் மனதில் பதிந்த வீட்டை மாற்றுவது மிகக் கடினம். அதனால் அப்படிப்பட்ட புறாக்கள் வாழ்நாள் முழுவதும் கூண்டிலேயே இருந்து குஞ்சு பொரிக்கும். புதிய வீட்டில் பிறந்த குஞ்சுகள்தான் பந்தயத்துக்குப் போகும். அந்த விலை, இனிமேல் வரப்போகும் வம்சத்துக்கு.

பணம் வந்தால் மோசடியும் வரும். 2017-ல் ஷாங்காய்க்குப் பறந்து வர வேண்டிய புறாக்களை இருவர் பால் அட்டைப்பெட்டிகளில் ஒளித்து புல்லட் ரயிலில் ஏற்றிவந்தனர். ரயில் ரொம்ப வேகம். புறாக்கள் நம்ப முடியாத நேரத்தில் வந்ததால் மாட்டிக்கொண்டார்கள். ஆதாரத்தை அழிக்க அந்தப் புறாக்களைக் கொன்றும் விட்டார்கள். நீதிமன்றம் அவர்களுக்குத் தண்டனை விதித்தது.

புறாவுக்கு எப்படி வழி தெரியுது?

ஒரே பதில் இல்லை. புறா பல வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறது. வெயில் இருந்தால் சூரியன்தான் திசைகாட்டி. மேகமூட்டமாக இருந்தால்? அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் கீட்டன் புறாக்களின் மேல் காந்தம் கட்டிப் பறக்கவிட்டார். மேகமூட்ட நாட்களில் அவை திசை தடுமாறின. பூமியின் காந்தப்புலத்தையும் புறா உணர்கிறது என்பதற்கு அது முக்கியமான சான்று. காற்றில் வரும் வாசனையை வைத்து இடத்தைத் தெரிந்துகொள்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழகிய பகுதிக்கு வந்தபின் நெடுஞ்சாலைகளைப் பார்த்துப் பின்தொடர்வதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

1997 ஜூன் 29 அன்று பிரான்சின் நாந்த் நகரில் இருந்து சுமார் 60,000 புறாக்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. பெரும் எண்ணிக்கையில் புறாக்கள் தொலைந்தன. ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது கான்கார்ட் விமானத்தின் ஒலி அதிர்வில் சிக்கி அவை வழி தவறியிருக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹேக்ஸ்ட்ரம் பின்னர் வாதிட்டார். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியையும் புறா வழிகாட்டியாகக் கொள்கிறது என்பது அவர் கருத்து. இதை எல்லோரும் ஏற்கவில்லை.

நம்ம ஊர்ல என்ன ஆபத்து?

விஞ்ஞானப் புதிரை விட இங்கே கண்ணுக்குத் தெரியும் எதிரிகள்தான் அதிகம். கடும் வெயிலுக்கும் மழைக்கும் நடுவில், ஆண்டின் முதல் மாதங்கள்தான் நீண்டதூரப் பந்தயத்துக்கு ஏற்ற காலம். வலசை வரும் பைரிகள் இங்கே இருப்பதும் அதே காலம்தான். பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவை அது. புறா அதற்குப் பிடித்த இரை.

சங்கராந்திக்கு ஹைதராபாத் வானம் முழுக்கப் பட்டங்கள். மாஞ்சா நூல் இறக்கையை அறுத்துவிடும். நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே தடை செய்தது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. இதோடு மின்கம்பி, தண்ணீர் கிடைக்காத வறண்ட பகுதிகள், வலைபோட்டுப் பிடிப்பவர்கள்.

சில புறாக்கள் தொலைந்து போய்ப் புது வம்பில் சிக்கும். 2023 மே மாதம் மும்பை துறைமுகம் அருகே பிடிபட்ட ஒரு புறாவின் இறக்கையில் சீன எழுத்து போல ஏதோ இருந்தது. உளவுப் புறா என்ற சந்தேகத்தில் எட்டு மாதம் அடைத்து வைக்கப்பட்டது. கடைசியில் அது தைவானில் இருந்து வழிதவறி வந்த பந்தயப் புறா என்று தெரிந்து, 2024 ஜனவரி இறுதியில் விடுவிக்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது தமிழ்நாடு சூதாட்டத் தடைச் சட்டத்தின் கீழ் சிக்கல். கோப்பைக்கும் பரிசுக்கும் போட்டி நடத்துவது ஒன்று, மாடியில் கூடிப் பணம் கட்டுவது வேறு. புறாவைத் தூக்குகிறது என்பதற்காகப் பைரியைப் பிடிப்பதோ கொல்வதோ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கடும் குற்றம்.

விதிகளை விட முக்கியம் வளர்ப்பவரின் பொறுப்பு. ஐந்து, பத்து, இருபது கிலோமீட்டர் என்று படிப்படியாகப் பழக்காமல் நேராக 300 கிலோமீட்டருக்கு அனுப்புவது, வழியில் மழை என்று தெரிந்தும் திறந்துவிடுவது, இளம் புறாவைக் குறுகிய நாட்களில் திரும்பத் திரும்ப அனுப்புவது... இவற்றில் தொலையும் புறாக்களுக்குச் சூரியப் புயலைக் குறை சொல்ல முடியாது. நூறு அனுப்பி இருபது வந்தாலும் ஜெயித்தவருக்குக் கோப்பை உண்டு. வராத எண்பதுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை திரும்பின என்பதும் போட்டியின் கணக்கில் சேராதவரை இது மாறாது.

வளையம் போட்ட புறா உங்க வீட்டுக்கு வந்தா?

• முதலில் தண்ணீர் வையுங்கள். அகலமான கிண்ணத்தில், அலகு மூழ்கும் ஆழத்தில்.
• கம்பு, சோளம், அரிசி கொடுக்கலாம். பால், ரொட்டி வேண்டாம்.
• காயம் இல்லை என்றால் ஓர் இரவு பாதுகாப்பாகத் தங்கவிடுங்கள். தெளிவான காலையில் திறந்துவிட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.
• காலில் உள்ள வளையத்தில் நாடு, ஆண்டு, எண் இருக்கும். படம் எடுத்து அருகில் உள்ள புறா வளர்ப்பவரிடம் காட்டினால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க வழி கிடைக்கலாம்.
• அடிபட்டிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எச்சத்தைத் தொட்டபின் கை கழுவ மறக்காதீர்கள்.

அந்தப் புறா வழி தெரியாமல் வந்து உட்காரவில்லை. களைத்துப்போய் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எங்கோ ஒரு மாடியில் அதற்காக ஒருவர் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.