கால் போத்தலில் என்ன இருக்கிறது?

"அண்ணே, கொறஞ்ச வெலையில நல்ல போர்பன் எதுண்ணே? புதுசா குடிக்கிறவங்களுக்கு?"

தீபாவளி லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒருத்தன் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வைத்து எங்களிடம் கேட்டான். போர்பன் என்றால் நம்மில் பாதிப் பேருக்குச் சாக்லேட் கிரீம் பிஸ்கட்தான் ஞாபகத்துக்கு வரும். அவன் கேட்டது அமெரிக்க விஸ்கியை. இருபத்திரண்டு வயசு, ஹோட்டல் வேலை, தினமும் அந்தப் போத்தல்களைப் பார்க்கிறான். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை.

போர்பன் விஷயத்தில் புது ஆளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அந்தப் பெயரை ஒட்டுவதற்கு அமெரிக்கச் சட்டம் நிபந்தனை போட்டிருக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும். நிறமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டிருந்தால் குறைந்தது 2 வருஷம் பீப்பாயில் கிடந்திருக்கிறது. ஆக, கடைத் தட்டில் அடியில் இருக்கும் மலிவான போத்தலைத் தூக்கினாலும் உள்ளே இருப்பது போர்பன்தான். ஆனால் அங்கே சாதாரண ஆள் குடிப்பது இறக்குமதி வரியோடு இங்கே வந்து சேரும்போது பணக்காரச் சாமானாகிவிடுகிறது. அதனால் தம்பிக்கு நாங்கள் சொன்ன முதல் பதில்: போர்பனை விடு, சாராயத்தைப் பற்றிப் பேசுவோம்.

முகத்தைச் சுளித்தான். சுளிக்கத்தான் செய்வான். லயத்தில் வளர்ந்த யாருக்கும் சாராயம் என்றதும் சம்பள நாள் இரவுதான் ஞாபகம் வரும்.

ஆனால் நல்ல தென்னஞ்சாராயம் எந்த விஸ்கிக்கும் கூச்சப்பட வேண்டிய சாமான் இல்லை. களுத்துறை, வாதுவைப் பக்கம் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதில் நடந்து போய்ப் பாளை சீவிக் கள் இறக்குகிறார்கள். அந்தக் கள் தானாகவே புளிக்கும். அதை வடித்து, ஹல்மில்ல மரத்தொட்டியில் ஊறப் போடுவார்கள். யாழ்ப்பாணப் பக்கம் இதே வேலையைப் பனங்கள்ளில் செய்கிறார்கள். வடமராட்சியின் திக்கம் வடிசாலை அதற்குப் பெயர் போனது.

சிக்கல் என்னவென்றால், 'சாராயம்' என்ற பெயர் போர்பன் மாதிரி வாக்குக் கொடுப்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் கலப்புச் சாராயங்களில் பெரும்பகுதி கரும்புப் பாகுக் கழிவிலிருந்து வடித்த வெறும் ஸ்பிரிட். அதோடு கொஞ்சம் தென்னஞ்சாராயம் சேர்ப்பார்கள். 'ஸ்பெஷல்' என்று எழுதியிருந்தால் அது விசேஷம் என்று நம்பிவிடாதீர்கள். இந்தத் தொழிலில் அந்தச் சொல்லுக்குக் கலப்பு என்றுதான் அர்த்தம். முழுக்கத் தென்னையிலிருந்து வந்தது என்றால் லேபிளில் அதைத் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். அவ்வளவு பெருமையான விஷயத்தை எந்தக் கம்பெனியும் மறைக்காது.

இதை நம்ம ஆட்களுக்கு யாரும் சொன்னதில்லை. கொழுந்து வாடிய பதத்தை மூக்கால் சொல்லும் ஆட்கள் நம்ம தோட்டங்களில் இருக்கிறார்கள். பீஓபிக்கும் டஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெக்டரியில் வேலை செய்யும் அக்காமாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஆனால் குடிக்கும் சாராயத்தில் மட்டும் நமக்கு இரண்டே தரம்தான்: 'ஏறும்', 'ஏறாது'.

இது தானாக வந்த பழக்கம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விட்டது. கோப்பித் தோட்டங்கள் மலையில் பரவியபோது அந்தத் தவறணைகளுக்குக் கூலி வாங்கும் கூட்டம் கிடைத்தது. இந்த நாட்டுப் பெரிய பணக்காரக் குடும்பங்கள் பல சாராயக் குத்தகையில் எழுந்தவை என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். விற்றவனுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொத்து. வாங்கிய நம்ம கொள்ளுத்தாத்தாவுக்கு எதைக் குடித்தோம் என்றுகூடத் தெரிந்திருக்காது.

2024இன் கணக்கைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அப்போது அதை வைத்து ஒரு முழுப் போத்தல் கலப்புச் சாராயம் வாங்க இரண்டு பேர் போட்டாலும் காணாமல்தான் இருந்தது. அந்த விலையில் பெரும்பங்கு வரி, அதிலும் மதுவரி மதுசாரத்தின் அளவைப் பார்த்துப் போடப்படுவது. ஆகவே மட்டமான சாமானை வாங்கினாலும் வரியில் பெரிதாக மிச்சம் கிடையாது. மலிவு என்று நினைத்து வாங்குகிறோம், ஆனால் உள்ளே சாமானுக்குப் போன காசு ரொம்பக் குறைவு.

இன்னொரு கணக்கும் உண்டு. கால் போத்தல் என்பது 180 மில்லிலீட்டர். மதுசாரம் 35 சதவீதம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 50 கிராம் சுத்த மதுசாரம். பல நாடுகளில் 10 கிராமை ஓர் அளவு என்று எண்ணுகிறார்கள். அப்படியென்றால் 'ஒரு கால்தானே' என்று நாம் சொல்வது ஐந்து.

அந்தத் தம்பியும் நாங்களும் ஒரு நாள் மூன்று கிளாஸ் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் கலப்புச் சாராயம், ஒன்றில் முழுத் தென்னஞ்சாராயம், ஒன்றில் அவன் கொண்டு வந்த கொஞ்சம் போர்பன். சோடா, கோலா எதுவும் இல்லை, அளவுக்கு அளவு பச்சைத் தண்ணி மட்டும். முதலில் மூக்கு, அப்புறம்தான் வாய். கலப்பு தொண்டையைச் சுட்டுவிட்டுப் போய்விட்டது, பின்னால் ஒன்றும் தங்கவில்லை. தென்னஞ்சாராயத்தில் பழவாசம், லேசான இனிப்பு, விழுங்கிய பிறகும் வாயில் நின்றது. போர்பன் வெனிலாவும் மரவாசமுமாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் விலைக்கு? நாங்கள் ஐந்து பேரில் நாலு பேர் தென்னைப் பக்கம். வீட்டு அம்மா மூன்றையும் மோந்து பார்த்தார், ஒரு சொட்டும் குடிக்கவில்லை. முதல் கிளாஸைத் தள்ளி வைத்து, "இது ஆஸ்பத்திரி வாசம்" என்றார்.

அந்த அம்மா சட்டப்படி போத்தல் வாங்க முடியுமா என்பதே ஒரு கேள்வி. 1979இல் பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுத்து ஒரு வர்த்தமானி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெற வைத்தார். குடியால் வரும் கஷ்டம் எல்லாம் பொம்பளைகள் தலையில், போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும் உரிமை மட்டும் ஆம்பிளைகளுக்கு.

எங்களைத் திட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குடி கெடுத்த குடும்பங்கள் லயத்துக்கு லயம் இருக்கும்போது சாராயம் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்பார்கள். குடிக்காதவர்கள் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. 'குளிருக்கு ஒரு சொட்டு' என்பதும் பொய்தான். தோலுக்கு ரத்தம் கூடப் பாய்வதால் சூடு மாதிரித் தெரியும், உண்மையில் உடம்புச் சூடு வெளியே போகிறது. ஆனால் 'குடிக்காதே' என்ற பிரசங்கத்தை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு முதல் கிளாஸை யார் கொடுக்கிறார்கள்? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. ஆனால் சாவு வீட்டில், திருவிழாவில், பதினாறு வயதுப் பையன் கையில் பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்து, "ஒரே இழுப்பா இழுடா" என்கிறோம். மெதுவாகக் குடி, தண்ணி கலந்து குடி, சாப்பிட்டுவிட்டுக் குடி, வேண்டாமென்றால் வைத்துவிடு என்று அவனிடம் யார் சொன்னது?

போத்தலின் விலை ஏற ஏற ஆட்கள் கசிப்புக்கு இறங்குகிறார்கள். அதில் லேபிளே கிடையாது. மெத்தனோல் கலந்திருந்தால் மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது, எங்கள் கிளாஸ் பரீட்சையெல்லாம் அங்கே செல்லாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் செத்ததும் மெத்தனோலால்தான். அவர்களும் கூலிக்காரர்கள், அவர்களும் மலிவானதைத்தான் வாங்கினார்கள். கசிப்பைப் பொறுத்தவரை எங்களிடம் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை எதுவும் இல்லை. தொடாதீர்கள், அவ்வளவுதான்.

தம்பி கடைசியில் முழுத் தென்னஞ்சாராயத்தில் ஓர் அரைப் போத்தல் வாங்கினான். மாதத்துக்கு ஒன்று போதும் என்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டான். கடைக்காரர், "இந்தக் காசுக்கு ரெண்டு கால் ஸ்பெஷல் எடுக்கலாமே தம்பி" என்றார். "தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு, போத்தலைத் திருப்பி லேபிளையும் மதுவரி ஸ்டிக்கரையும் பார்த்துக்கொண்டு நின்றான்.