சடுகுடுவும் கால்பந்தும்

உலகக் கோப்பைக் காலத்தில் திருவனந்தபுரத் தெருக்களில் அர்ஜென்டினா, பிரேசில் கொடிகள் பறக்கின்றன. நம் சிறுவரும் அவற்றை ஏந்துகின்றனர். “அயல்நாட்டாருக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?” என்று பெரியோர் சிலர் கடிந்துகொள்கின்றனர். கடிய வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து.

நம் சடுகுடுவும் கடல் கடந்ததன்றோ? 1990-இல் பீஜிங் ஆசியப் போட்டியில் கபடி என்னும் பெயருடன் அது அரங்கேறியது. ஆடவர் தங்கம் தொடர்ந்து ஏழு முறை இந்தியாவுக்கே கிடைத்தது. 2018-இல் ஜகார்த்தாவில் ஆடவர், மகளிர் இரு தங்கங்களையும் ஈரான் வென்றது. அம்மகளிரைப் பயிற்றுவித்தவர் நம் நாட்டுச் சைலஜா ஜெயின்!

கற்பிப்பார் சென்ற இடத்தில் ஆட்டம் வேரூன்றும். இவ்வூருக்குக் குடிவந்த நாமும் அவ்வாறு கற்பிக்கலாம். பிள்ளைகள் கொடி பிடிக்கட்டும். மாலையில் முற்றத்தில் கோடு கிழித்து, அண்டைவீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துச் சடுகுடுவும் ஆடட்டும். ஆடாது விட்டால், அது நம்முடையதென்று சொல்லிக்கொள்ள நமக்கு என்ன உரிமை?