புரவியின் மறம்

நுழையும்முன்

வீரம் என்றதும் வெற்றியே நம் நினைவுக்கு வருகிறது. வாய் பேசாத உயிரொன்றை 'வீரமுடையது' என்று கூறும்போது நாம் எதைப் புகழ்கிறோம்? அதன் பண்பையா, அதனால் நாம் அடைந்த பயனையா? பந்தயக்குதிரைகளின் வாழ்வைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

இதயத்தின் எடை

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு குதிரையின் இதயம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் எடை 6.2 கிலோகிராம். 1930ஆம் ஆண்டு மெல்போர்ன் கோப்பையை வென்ற ஃபார் லேப் என்னும் குதிரையின் இதயம் அது. 51 பந்தயங்களில் ஓடி 37இல் வென்ற அக்குதிரை 1932இல் இறந்தது.

பெரிய இதயம் தசைகளுக்கு மிகுதியான குருதியைச் செலுத்தும். குதிரை விரைந்தோட அது துணைபுரியும். இஃது உடலியல் உண்மை. ஆனால், மக்கள் அவ்வுறுப்பில் வேறொன்றையும் காண விரும்புகின்றனர். களைத்த நிலையிலும் பின்வாங்காத குதிரையை 'இதயமுள்ள குதிரை' எனப் பாராட்டுவது ஆங்கிலம் வழங்கும் பந்தயக் களங்களின் மரபு. நம் முன்னோரும் போர்க்குதிரையின் வீரத்தைப் பாடுவதற்குக் 'குதிரை மறம்' என்னும் துறையை வகுத்தனர். அந்த மறம் எங்கே உறைகிறது? நிறுத்துப் பார்க்கத்தக்க உறுப்பிலா, ஓடும் விரைவிலா, வென்ற பரிசிலா?

அச்சமே அரண்

விரைவு வீரமாகாது. குதிரை, பிற விலங்குகளுக்கு இரையாகும் இனத்தைச் சார்ந்தது. அதற்குக் கொம்பில்லை, கூரிய நகமில்லை. பகையைக் கண்டால் விரைந்தோடுவதே அதன் முதன்மையான தற்காப்பு. தலையின் இருபுறமும் அமைந்த கண்கள் ஏறத்தாழ எல்லாத் திசைகளையும் காண்கின்றன. நின்றபடியே உறங்கவும் அதனால் இயலும். சிறு சலசலப்புக்கும் அது வெருள்வது கோழைத்தனமன்று. அவ்வினத்தை வாழவைத்த விழிப்புணர்வு. ஆகவே, ஓட்டம் குதிரையின் இயல்பேயன்றி, அதன் வீரத்துக்குச் சான்றன்று.

பெல்மாண்ட் களத்தில்

1975ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், நியூயார்க்கின் பெல்மாண்ட் பூங்காவில் இரு குதிரைகளுக்கிடையே ஒரு பந்தயம் நடைபெற்றது. ஒன்று, அவ்வாண்டின் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபூலிஷ் பிளெஷர். மற்றொன்று, ஓடிய பத்துப் பந்தயங்களிலும் வென்ற ரஃபியன் என்னும் மூன்று வயதுப் பெண்குதிரை. ஏறத்தாழ 50,000 பேர் களத்தில் திரண்டிருந்தனர்.

ரஃபியன் சற்றே முந்திச் சென்றுகொண்டிருந்தபோது அதன் வலது முன்காலின் எலும்புகள் முறிந்தன. ஜாக்கி எனப்படும் குதிரையோட்டி கடிவாளத்தை இழுத்து நிறுத்த முயன்றார்; முறிந்த காலுடனும் அது ஓட முற்பட்டது. அன்றிரவே அறுவை மருத்துவம் நடைபெற்றது. மயக்கம் தெளிந்து விழித்த ரஃபியன், இன்னும் களத்தில் ஓடுவதாகவே எண்ணியதுபோலக் கால்களை உதறியது. மாவுக்கட்டு உடைந்தது, காயம் பெருகியது. துன்பத்தினின்று விடுவிக்க வேறு வழியின்றி அதன் உயிரை முடித்தனர், அக்களத்திலேயே புதைத்தனர்.

முறிந்த காலுடன் ஓடியதே ரஃபியனின் வீரம் என்று பலர் இன்றும் புகழ்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீங்கை அறிந்து, விலகிச் செல்லும் வாய்ப்பிருந்தும் உயர்ந்ததொன்றின் பொருட்டு எதிர்நிற்பதே வீரம். கோப்பை எது, புகழ் எது என்று ரஃபியன் அறியாது. வலி வந்தவுடன் அதன் இயல்பு இட்ட கட்டளை ஒன்றே: ஓடு. அந்தப் பேரச்சத்தை வீரம் எனப் பெயரிட்டழைப்பது அதற்குச் செய்யும் சிறப்பாகத் தோன்றலாம். உண்மையில் அது நம் பொறுப்பை மறைக்கும் திரை. அந்தப் போட்டியைத் திட்டமிட்டவர் மனிதர்; கண்டு களித்தவரும் மனிதரே.

நம்பிக்கை என்னும் மறம்

அவ்வாறாயின், குதிரைக்கு வீரமே இல்லையா? உண்டு. நாம் தேடும் இடத்தில் இல்லை என்பதே என் கருத்து.

மூடிய இடத்தை அஞ்சும் உயிர், ஒடுங்கிய தொடக்க வாயிலுக்குள் நுழைந்து நிற்கிறது. முதுகின்மேல் ஒன்று தொற்றினால் கொடுவிலங்கு என்று வெருளும் இனத்தில் பிறந்து, மனிதனைச் சுமக்கிறது. விரைந்தோடும் இரு குதிரைகளுக்கிடையே உள்ள குறுகிய இடைவெளியில், ஓட்டுபவரின் கைக்குறிப்பை மட்டும் நம்பிப் புகுகிறது. தன் குருதியில் ஊறிய அச்சத்தை ஒரு நம்பிக்கையின் பொருட்டு அடக்கிக்கொள்வதே புரவியின் மறம்.

2006ஆம் ஆண்டின் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ இதற்குச் சான்று. அடுத்த பந்தயமான பிரீக்னெஸின் தொடக்கத்திலேயே அதன் வலது பின்கால் முறிந்தது. குதிரையோட்டி எட்கர் பிராடோ உடனே அதனை நிறுத்திக் கீழிறங்கினார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் அறுவை மருத்துவம் செய்தனர். விழித்தெழும்போது கால்களை உதறிக்கொள்ளாதவாறு அதனை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டுக் காத்தனர். அதன்பின் எட்டு மாதங்கள் ஓடப் பிறந்த உயிர் ஓடாதிருந்தது. தன்னைத் தொட்ட கைகளை ஏற்று நின்றது. குளம்பு அழற்சி நோய் முற்றியதால் 2007 ஜனவரி 29 அன்று அதன் வாழ்வு முடிக்கப்பட்டது. டெர்பியில் ஓடிய பார்பரோவைவிட, மருத்துவமனைக் கொட்டிலில் நின்ற பார்பரோவே எனக்கு வீரமுடையதாகத் தோன்றுகிறது.

நமக்குரிய கடன்

"விட்டுக்கொடாமல் ஓடும் குதிரைக்கும் மனம் தளரும் குதிரைக்கும் வேறுபாடு உண்டே" எனக் குதிரையோடு பழகியோர் வினவலாம். வேறுபாடு உண்டு என்பது மெய்யே. ஆனால், விட்டுக்கொடாத குதிரைக்கே காவல் மிகுதியாகத் தேவை. நிறுத்திக்கொள்ள அறியாத உயிர்க்காக நிறுத்த அறிந்தவர் ஒருவர் வேண்டும்.

இவ்வுணர்வு உலகில் மெல்ல வளர்ந்து வருகிறது. நார்வே நாடு 1982ஆம் ஆண்டிலேயே பந்தயங்களில் சவுக்கின் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. அமெரிக்கா 2020ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், மருந்துப் பயன்பாடு, களப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நாடு தழுவிய பொது விதிகளுக்கு வழிவகுத்தது. வலியை மருந்தால் மறைத்து ஓடவைப்பது வீரத்தை வளர்ப்பதன்று. உடல் தரும் எச்சரிக்கையின் வாயை அடைப்பதாகும்.

குதிரை தன் பங்கைச் செய்துவிட்டது. அஞ்சும் இயல்பை அடக்கி நம்மை நம்பியது. அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையவரா என்பதே எஞ்சியுள்ள வினா. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போதும், ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்கும்போதும், தன் குதிரையின் கால் நடுங்குவதை உணர்ந்து கடிவாளத்தை இழுப்பவர் பரிசை இழப்பார். புரவியின் மறத்துக்கு மனிதன் செலுத்தக்கூடிய மறுமொழி அந்த இழப்பே ஆகும்.