கடல் முழுக்க முங்கினால் முத்து கிடைக்குமா?

"கம்ப்யூட்டர் எல்லா வழியையும் போட்டுப் பார்த்து விடை சொல்லிவிடும், பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா எதற்கு?" என்கிறார்கள். சுத்தப் பிதற்றல்! சமன்பாட்டின் இருபுறமும் ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டே போகலாம்; எந்த மெஷின் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்?

அதனால்தான் எடின்பரோவில் ஆலன் பண்டி குழுவினர், 1980 வாக்கில் எழுதிய 'பிரஸ்' புரோகிராமுக்கு வழிமுறை வகுத்தார்கள். எக்ஸ் இரண்டு லாக்கில் பிரிந்து கிடக்கிறதா? முதலில் பக்கத்தில் கொண்டுவா, பிறகு ஒன்றாக்கு, கடைசியில் தனியாக்கு.

நம்மூரில் முத்துக் குளித்தவர்கள் கடல் முழுக்கவா முங்கினார்கள்? பாரில் சிப்பி எடுத்துச் சோதித்த பிறகல்லவா குளிப்பே நடந்தது!

டியூஷன்காரர்களே, நூறு ஃபார்முலாவை உருப்போட வைக்காதீர்கள். எது, எப்போது, ஏன் என்று சொல்லிக்கொடுங்கள். மெஷினுக்கே அது தேவைப்பட்டது, பிள்ளைக்கு வேண்டாமா?